கண்டி மாநகரும் பெயரற்ற கைகளும்

ஒரு நாட்டின் வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதன்று. அது நகரங்களிலும் எழுதப்படுகின்றது. எந்தக் கட்டடத்தைப் பேணுவது, எதனை இடிய விடுவது, எவருக்குச் சிலை எடுப்பது, எவரது புதைகுழிமேல் புல் மண்ட விடுவது என்பனவெல்லாம் அவ்வக்காலத்தில் அதிகாரம் செலுத்துவோர் எடுக்கும் முடிவுகளாகும். ஆதலின், பழைய நகரொன்றைச் சுற்றிப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கன்று. அது ஒரு நூலைப் படிப்பதை ஒத்த செயலாகும். நல்ல வாசகன் நூலில் எழுதப்பட்டிருப்பதைப் படிப்பதோடு, எழுதாது விடப்பட்டது எது என்றும் எண்ணிப் பார்ப்பான். நகரங்களையும் நாம் அவ்வாறே காணப் பழகுதல் வேண்டும்.

சென்ற பாடசாலை விடுமுறையில் யாமும் எம் துணைவியாரும் இரண்டு நாட்களைக் கண்டி நகரிற் கழித்தோம். மடுல்கெல்லயில் வாழும் எமக்குக் கண்டி தொலைவான ஊரன்று. பன்வில, வத்தேகம வழியாகச் செல்லும் பஸ்ஸில் ஏறி, வைத்தியசாலைக்கும் வங்கிக்கும் கல்வி அலுவலகத்துக்கும் மாதம் ஒரு முறையேனும் சென்று வருகின்றோம். எனினும், காண்பதற்கென்றே சென்றது இதுவே முதன்முறையாகும். அவ்வாறு செல்லத் தூண்டியது மாணவி ஒருத்தியின் வினா. கண்டி இராச்சியம் பற்றிய பாடம் முடிந்தபோது அவள் எழுந்து, "இது அவங்க வரலாறு, சேர். எங்க வரலாறு எந்தப் பாடத்தில வரும்?" என்று கேட்டாள். தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளை அவள்.

அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கண்டியின் வரலாறு ஓர் இனத்துக்கும், தோட்டத்தின் வரலாறு மற்றோர் இனத்துக்கும் உரியவை என்ற எண்ணம் அச்சிறுமியின் உள்ளத்தில் தானாக முளைத்ததன்று, நெடுங்காலமாக விதைக்கப்பட்டது. இவ்விரு வரலாறுகளும் ஒன்றே என்பதும், ஒன்றை நீக்கி மற்றதை விளங்கிக்கொள்ள இயலாது என்பதும் எமது துணிபு. அதற்கான சான்றுகள் கண்டி நகரின் காட்சியிடங்களிலேயே கிடக்கின்றன.

கண்டிக்கு வருவோர் முதலிற் காண்பது வாவியை. வயல்வெளியாய்க் கிடந்த தாழ்நிலத்தை அணைகட்டி மறித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதனை ஆக்குவித்தான். அதன் கரையில் எழும் எண்கோண மண்டபமும், முகில் வடிவிலமைந்த மதிலும் அவன் காலத்தனவே. இவற்றை வகுத்த சிற்பியின் பெயர் தேவேந்திர மூலாசாரி என நாம் அறிவோம். கண்டிக் கலையின் நயம் தெரிந்தோர் அப்பெயரைப் போற்றுவர், அது தகும். ஆயின், மண் வெட்டியோரும் சுமந்தோரும் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின்கீழ் ஊர்களிலிருந்து வருவிக்கப்பட்ட சிங்களக் குடியானவர்கள். நிலம் பெற்றவன் அந்நிலத்துக்கு ஈடாக அரசனுக்கு உழைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே இராஜகாரியத்தின் அடிப்படை. வயலில் நிற்க வேண்டிய மனிதன் வாவிக்கரையில் நின்றான். குடிமக்களுக்கு அரசன்மீது தோன்றிய வெறுப்புக்கு இவ்வேலையும் ஒரு காரணமாயிற்று. இன்று காதலரும் உல்லாசப் பயணிகளும் உலவும் அவ்வாவிக்கரையில் உழைப்பின் சுவடு கண்ணுக்குத் தெரிவதில்லை. நீரின் அழகு அதனை மூடிவிட்டது.

வாவியைக் கடந்து தலதா மாளிகையின் அயலிலுள்ள தேசிய நூதனசாலைக்குச் சென்றோம். அது முன்னாளில் அரச மகளிர் வாழ்ந்த மாளிகை. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டோர் நாயக்க வமிசத்தினர், மதுரைத் தொடர்புடையோர். கண்டி மன்னர்கள் தென்னாட்டிலிருந்து பெண் கொண்டதன் பயனாக, பட்டத்தரசியின் சகோதரன் அரியணை ஏறும் நிலை உண்டாயிற்று. அவ்வமிசத்தில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1747 முதல் 1782 வரை ஆண்டான். அழிந்துபோயிருந்த பௌத்த உபசம்பதா மரபை, 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்து அவனது ஆட்சியிலேயே மீட்டனர். மல்வத்தை, அஸ்கிரிய விகாரைகள் இன்றும் அம்மரபின் பீடங்களாக விளங்குகின்றன. தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்றின் அரசன் பௌத்தத்தின் புரவலனாய் நின்றான் என்ற இவ்வொரு செய்தியே, பண்பாடுகளுக்கிடையில் மதில் எழுப்புவோரின் வாதத்தைத் தகர்க்கப் போதியது.

ஆயினும், இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "கண்டியை ஆண்டவரும் நம்மவரே" என்று மார்தட்டும் போக்கு எம்மிடையேயும் உண்டு. அரசன் பேசிய மொழியை வைத்து வரலாற்றை அளப்பது முற்போக்கு நோக்கன்று. பிரதானி எகலப்பொலை ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தபோது, 1814இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அவனது மனைவி மக்களைக் கொல்வித்தான். அச்சிறுவருள் ஒருவனான மத்துமபண்டாரவின் உருவச்சிலை தலதா மாளிகையின் அயலில் நிற்கிறது. அப்பிள்ளைக்காக இரங்காத நெஞ்சம் எந்த மொழி பேசினும் பயனில்லை. எமது மாணவிக்கு வேண்டுவது அரண்மனையில் ஒரு பங்கன்று. உழைத்த மாந்தரின் வரிசையில் அவளது முன்னோர்க்குரிய இடமே.

1815 பெப்ரவரி 18ஆம் நாள், மெதமகாநுவரையை அண்டிய தும்பறைப் பகுதியில் மறைந்திருந்த அரசன் பிடிபட்டான். எமது மடுல்கெல்லயும் அத்தும்பறையைச் சார்ந்த மலைச்சாரலிலேயே உள்ளது. அடுத்த மாதம், மார்ச் 2ஆம் நாள், கண்டி அரச மண்டபத்தில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. கண்டிப் பிரதானிகள் கையொப்பமிட்டு நாட்டை ஆங்கில முடிக்கு ஒப்படைத்தனர். அக்கையொப்பங்களுட் சில தமிழெழுத்தில் அமைந்தவை. அரசகுடும்பத்தை ஆங்கிலேயர் 1816இல் வேலூருக்கு நாடுகடத்தினர். 1832 ஜனவரியில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கேயே மாண்டான்; பாலாற்றங்கரையில் அவனது நினைவு மண்டபம் உள்ளது.

ஓர் அரசன் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்நாட்களை அடுத்தே, எதிர்த்திசையில் வேறொரு பயணம் தொடங்கியது. 1824இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் அமைத்தார். தேசாதிபதி எட்வேர்ட் பார்ண்ஸ்தாமும் கண்ணொறுவையிற் கோப்பி பயிரிட்டார். திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களின் வறிய உழவர், அவருள்ளும் சாதியின் பெயரால் மிதிக்கப்பட்டோர், கூலிகளாக இங்குக் கொண்டுவரப்பட்டனர். மன்னனின் பயணத்துக்கு நாளும் ஆண்டும் குறிக்கப்பட்டுள்ளன. நினைவு மண்டபமும் உண்டு. இம்மக்களின் பயணத்துக்கு அவை இல்லை.

நூதனசாலையின் பின்புறச் சரிவில் ஆங்கிலப் படையினரின் பழைய மயானம் அமைந்துள்ளது. நன்கு பேணப்பட்ட இடம். புல்வெட்டிச் செப்பனிட்டு வைத்திருக்கின்றனர். 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை உருவாக்குவதிற் பெரும்பங்கு கொண்ட ஜோன் டொயிலி 1824இல் இறந்து இங்கே அடங்கியுள்ளார். 1856இல் காட்டு யானையால் மாண்ட ரொபர்ட்சன் என்பவரின் கல்லறையும் இங்குண்டு. நாற்பது வயதைக் கடந்தோர் மிகச் சிலரே. மலேரியாவும் வாந்திபேதியும் அவர்களை இளமையிலேயே கொண்டுபோயின. பச்சிளங் குழந்தைகளின் பெயர்களும் அக்கற்களில் உள்ளன. அவற்றைப் படிக்கையில் எமக்கும் நெஞ்சு கனத்தது. தாய்நாட்டைவிட்டு வந்து மடிந்த எந்த மனித உயிரும் இரக்கத்துக்கு உரியதே.

எம் துணைவியார் நெடுநேரம் ஒரு குழந்தையின் கல்லறைமுன் நின்றார். பின்னர், "இவங்களுக்குக் கல்லாவது இருக்குதுங்க" என்று மட்டும் கூறினார். அவரது முன்னோர் கோப்பிக் காலத்திற் கால்நடையாக வந்தவர். வரும் வழியில் ஒரு குழந்தை இறந்ததாகவும், காட்டோரம் குழிதோண்டி மூடிவிட்டு மற்றவர்களோடு நடையைத் தொடர்ந்ததாகவும் அக்குடும்பத்தில் ஒரு செய்தி தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றது. எவ்விடம் என்பது எவருக்கும் தெரியாது.

அவ்வழி வரலாற்றுக்குத் தெரியாத வழியன்று. மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை ஊடாக மாத்தளையை நோக்கி நடந்தனர். நீரற்ற காட்டுப் பாதை. மலேரியா மண்டிய பிரதேசம். வாந்திபேதி கண்டு வீழ்ந்தவரை எடுத்துச் செல்லக் கூட்டத்தால் இயலாது. 1840களில் எழுபதாயிரம் பேர் இவ்வாறு மடிந்தனர் என்று 1849இற் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதிற்று. அத்தொகை மிகையானது என்பது பின்வந்த ஆய்வாளர் சிலரது கருத்து. தொகையைப் பற்றிய வாதம் எவ்வாறாயினும், எண்ணிப் பார்க்கக்கூட எவரும் அக்கறை கொள்ளாத மரணங்கள் அவை என்பது தெளிவு. கல்லறை மயானத்திற் குழந்தையின் வயது மாதக்கணக்கிற் பொறிக்கப்பட்டுள்ளது. வடபாதையில் மாண்டோரின் தொகையோ ஆயிரக்கணக்கில் ஊகிக்கப்படுகின்றது. ஓர் ஆட்சி எவரை மனிதராகக் கருதிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இம்மக்கள் ஏன் இங்குக் கொண்டுவரப்பட்டனர்? "சிங்களவர் சோம்பேறிகள், தோட்ட வேலைக்கு வர மறுத்தனர்" என்பது துரைமார் பரப்பிய கதை. இன்றும் அதனைச் சிலர் நம்புகின்றனர். உண்மை வேறு. பார்ண்ஸின் காலத்திற் கொழும்பு - கண்டிப் பாதை இராஜகாரியத்தைப் பயன்படுத்தியே வெட்டப்பட்டது. 1832இல் கோல்புறூக் குழுவின் விதப்பின்படி இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்ட சிங்கள உழவனுக்கு வயலும் சேனையும் இருந்தன. சொற்பக் கூலிக்குத் தோட்டத்திலே ஆண்டு முழுதும் உழல அவனுக்குத் தேவை எழவில்லை. நிலம் உள்ளவன் மறுத்தான்; நிலமற்றவன் மறுக்க முடியாதவனாய் வந்தான். சோம்பலும் சுறுசுறுப்பும் இனங்களின் இயல்பல்ல, நிலவுடைமையின் விளைவுகளே.

நிலத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்கு உரியன என்று கொண்டது. கிராமத்தவர் தலைமுறையாகச் சேனைக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்படுத்திய நிலத்துக்குப் பத்திரம் ஏது? அந்நிலங்கள் 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு விற்கப்பட்டன. அரசாங்க உத்தியோகத்தர் பலர்தாமே அவற்றை வாங்கித் தோட்டச் சொந்தக்காரர் ஆயினர். தும்பறை மலைகளிலும் காடுகள் வீழ்ந்தன, கோப்பி எழுந்தது.

இரண்டாம் நாட் காலை யாம் போகம்பறைப் பக்கம் நடந்தோம். 2014 வரை சிறைச்சாலையாய் இயங்கிய பெருங்கட்டடம் அங்கு நிற்கின்றது. அக்கட்டடம் எழுமுன்னரே போகம்பறை கொலைக்களமாய் இருந்தது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி விதித்தார். ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் பணம் கட்டல் வேண்டும் என்றும் சட்டம் பிறந்தது. பதினாறு ஆண்டுகளுக்குமுன் ஒழிக்கப்பட்ட இராஜகாரியம் வேறு பெயரில் மீண்டது. கோப்பியைக் கொண்டுசெல்லும் பாதைக்குக் குடியானவன் கூலியின்றி உழைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சித் தலைவருள் ஒருவரான புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8ஆம் நாள் போகம்பறையிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே மாதத்திற் குடாபொல தேரர் என்னும் பிக்குவும் காவியுடையோடு சுடப்பட்டார்.

இவ்விடத்தில் நின்று சிந்தித்தபோதுதான் மாணவியின் வினாவுக்கு விடை எமக்குத் துலங்கியது. புரன் அப்புவின் கிளர்ச்சியும் வடபாதையின் மரணங்களும் நிகழ்ந்தது ஒரே பத்தாண்டில். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கோப்பி மூலதனம். சிங்கள உழவனின் நிலத்தை அது பறித்தது; தமிழ் உழவனின் உடலை அந்நிலத்திலே நட்டது. நிலமிழந்தவன் தன் காணியில் நிற்கும் அந்நியனாகத் தமிழ்த் தொழிலாளியைக் கண்டான். தொழிலாளியோ லயத்துக்கும் மலைக்கும் அப்பால் ஒன்றையும் காணாதவாறு அடைக்கப்பட்டான். இருவரையும் இவ்வாறு நிறுத்தியவன் நடுவில் பங்களாவில் இருந்தான். ஆங்கிலேயன் போன பின்னரும் அவன் வகுத்த நிறுத்தம் மாறவில்லை. அதனை மாற்ற விரும்பாத அரசியல்வாதிகள் இரு புறத்தும் தோன்றினர்.

போகம்பறையிலிருந்து புகையிரத நிலையம் சிறிது தூரமே. 1867இற் கண்டிக்கு இருப்புப்பாதை வந்தது. கோப்பி மூட்டைகளைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பி இலையில் துருநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சரிந்து, தேயிலை மலைகளைப் போர்த்தது. ஹந்தானை மலையில், 1925இற் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலை ஒன்று இன்று தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. உருளைகளும் உலர்த்திகளும் எஞ்சின்களும் துடைத்து மெருகிடப்பட்டு நிற்கின்றன. டெய்லரின் நினைவும் அங்கே போற்றப்படுகின்றது. தேயிலைத் தொழிலின் பொறிநுட்பத்தை மாணவர் அறிய அதனினும் நல்ல இடம் இல்லை. ஆயின், கோப்பி பருவப்பயிர். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்கும் கைகள் வேண்டும். அதனாலன்றோ போய் வந்துகொண்டிருந்த கூலிகள் குடும்பத்தோடு இங்கேயே நிலைத்தனர்? லயம் நிரந்தர வீடாயிற்று; பெண் கொழுந்துக் கூடை சுமந்தாள். ஒரு மக்கட் கூட்டத்தின் பிறப்பையே விளக்கும் இந்த உண்மையை எந்திரங்கள் சொல்ல மாட்டா. அவற்றின் அருகே நின்று ஆசிரியன்தான் சொல்ல வேண்டும்.

நிலைத்துவிட்ட அம்மக்களை நாடு எவ்வாறு நடத்திற்று என்பதை இதழ் வாசகர் அறிவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள உடன்பட்டன. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். கோப்பியைச் சுமக்கப் பிறந்த இருப்புப்பாதை, அக்கோப்பியை நட்டவரின் சந்ததியாரை வெளியேற்றவும் பயன்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்ற நிலை பெரும்பாலும் நீங்கிற்று. எனினும், குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இன்றி வாழும் குடும்பங்களே தோட்டங்களில் இன்றும் மிகுதி.

கண்டியைக் காண வந்தோருள் ஜேர்மானிய அறிஞர் பலர் உளர். உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881இல் இலங்கைக்கு வந்து பேராதனைப் பூங்காவைக் கண்டு வியந்தார். எழுத்தாளர் ஹேர்மன் ஹெஸ்ஸே 1911இற் கண்டிக்கு வந்து தலதா மாளிகையைத் தரிசித்தார். இருவரும் தம் பயணத்தை நூல்களாக எழுதினர். அவர்கள் எமது நகரைக் கண்டதுபோல நாமும் அவர்களது நகரங்களை நோக்குவோமாயின், பயன்தரும் பாடம் ஒன்று கிடைக்கும். கோதேயும் ஷில்லரும் வாழ்ந்த வைமார் நகருக்கு இலக்கிய அன்பர் திரளாகச் செல்கின்றனர். அந்நகரை அடுத்த எட்டர்ஸ்பேர்க் குன்றில் புகன்வால்ட் வதைமுகாம் இருந்தது. 1937 முதல் 1945 வரை ஏறத்தாழ 56,000 பேர் அங்கு மாண்டனர்; பொதுவுடைமைத் தலைவர் ஏர்ன்ஸ்ட் தால்மான் 1944 ஆகஸ்டில் அங்கேயே கொலையுண்டார். இன்று அது நினைவிடமாகப் பேணப்படுகின்றது. கவிஞனின் வீட்டைக் கண்டவர் அக்குன்றின்மீதும் ஏறிச் செல்கின்றனர்.

நியூரம்பேர்க் நகரின் கோட்டையையும் ஓவியர் டியூரரின் இல்லத்தையும் காணச் செல்வோர்க்கு, நாஜிக் கட்சி பேரணி நடத்திய திடலில் 2001 முதல் ஓர் ஆவண நிலையமும் உண்டு. பாசிசத்துக்குப் பலியானோர் இறுதியாக விரும்பி வாழ்ந்த வீடுகளின்முன், அவர்களது பெயர் பொறித்த சிறு பித்தளைக் கற்களை நடைபாதையிற் பதிக்கும் வழக்கம் ஜேர்மனியிற் பரவி, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சென்றுள்ளது. இலட்சமாவது கல் 2023இல் அதே நியூரம்பேர்க்கிற் பதிக்கப்பட்டது. வதைமுகாமையும் தேயிலைத் தோட்டத்தையும் ஒன்றெனக் கூறுவது எமது கருத்தன்று. இரண்டும் வேறு, அவற்றைக் குழப்புவது இரு சாராரின் துயரத்துக்கும் இழைக்கும் அநீதி. எமது கருத்து இதுவே: தன் வெட்கத்தைக் காட்சிக்கு வைத்ததால் எந்த நகரும் அழகு குன்றிவிடவில்லை. மறைக்காத நகரையே உலகம் மதிக்கின்றது. கண்டி 1988இல் உலக மரபுரிமை நகராக அறிவிக்கப்பட்டது. அம்மரபுரிமையிற் புரன் அப்புவின் இரத்தமும் வடபாதையின் எலும்புகளும் அடங்கும் என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

வரலாற்றைத் தேடிக் கண்டிவரை சென்ற எமக்கு, எமது ஊரே ஒரு வரலாற்றுத் தலம் என்பதையும் இங்குக் கூறல் கடன். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அழகைக் கண்டு களிக்க இப்பொழுது வெளிநாட்டார் மடுல்கெல்லக்கு வருகின்றனர். தேயிலைச் சரிவுகளிடையே தங்குமிடங்கள் எழுந்துள்ளன. வருவோர் வருக. ஆனால், அவர்கள் அறியாத ஒன்றை எமது பிள்ளைகளேனும் அறிய வேண்டும். 1936இல் மடுல்கெல்ல றெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்தவர் மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்னும் இளைஞர். இங்கிலாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். தொழிலாளர் நடத்தப்பட்ட முறையைக் கண்டு மனம் பொறாது அவர்கள் பக்கம் நின்றதால் வேலையை இழந்தார். லங்கா சமசமாஜக் கட்சியில் இணைந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாயரோடு மேடையேறித் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். வெள்ளையர் ஒருவர் வெள்ளையரின் சுரண்டலைத் தொழிலாளர் முன்னிலையிலேயே எடுத்துரைத்தது துரைமாரைக் கலங்கச் செய்தது.

தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். கட்சியினர் அவரை மறைத்து வைத்தனர். மே 5ஆம் நாள் காலிமுகத் திடலிற் கூடிய பெருந்திரளின்முன் பிரேஸ்கேடில் வெளிப்பட்டார். பின்னர் கைதானபோது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கலாயிற்று, எச். வி. பெரேரா வாதாடினார். அவசரநிலைக்குரிய அதிகாரத்தை இவ்வாறு கையாள முடியாது என்று கூறி, மே 18ஆம் நாள் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தேசாதிபதியின் கட்டளையைத் தூக்கியெறிந்த அவ்வழக்கின் வித்து எமது மலைச்சரிவில் விழுந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள், 1940 ஜனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிக்குத் தொழிலாளி கோவிந்தன் இரையானார். தோட்டத் தொழிலாளர் போராட்ட வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயர் அது. ஊமைகளாய்ப் பிறந்தவர் என்று எண்ணப்பட்ட மக்கள் பேசத் தொடங்கிய காலம் அது.

அரசோ கம்பனிகளோ நினைவுச்சின்னம் எழுப்பும்வரை காத்திருத்தல் வேண்டா. கம்பளைப் பகுதித் தோட்டமொன்றின் பழைய லயத்திலே, தொழிலாளரின் கருவிகளையும் ஆவணங்களையும் திரட்டி, 2007 முதல் ஓர் அருங்காட்சியகம் நடைபெறுகின்றது. 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவாக, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து சென்றனர். முன்னோர் வீழ்ந்த பாதையில் வழித்தோன்றல்கள் நடந்த அந்நடையில் பிற இனத்தவரும் உடன் நடந்தனர் என்பது நெஞ்சிற் பதிக்கத்தக்கது. இவை இரண்டும் அதிகாரம் தந்த கொடைகளல்ல. மக்கள் தாமே செய்துகொண்டவை.

ஆசிரியராகிய எமக்கும் இதிற் பங்குண்டு. ஆண்டுதோறும் மாணவரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்கின்றோம். தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, வாவி என்று காட்டிவிட்டு, பஸ்ஸிற் பாட்டுப்பாடித் திரும்புகின்றோம். இனி அப்பட்டியலிற் போகம்பறையும் மயானமும் ஹந்தானையும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் இடம்பெறட்டும். நடந்து வந்த மக்கள் கூடிப் பிரிந்த இடமன்றோ மாத்தளை! சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே பஸ்ஸிற் செல்வாராயின் இன்னும் நன்று. வாவியை வெட்டிய குடியானவனைத் தமிழ்ப்பிள்ளையும், வடபாதையில் நடந்தவளைச் சிங்களப் பிள்ளையும் தத்தம் முன்னோராக ஒரு கணமேனும் எண்ணிப் பார்க்கட்டும். வீடுதோறும் முதியோர் உளர். அவர்களோடு மறையும் செய்திகள் பல. எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் வழியில் மாண்டார் என்று மாணவர் கேட்டு எழுதுவாராயின், ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு வரலாற்று நூல் உருவாகும்.

"எங்க வரலாறு எந்தப் பாடத்தில வரும்?" என்ற வினாவுக்கு எமது விடை இது: கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி என்னும் பாடத்தை அடுத்து, அதே நூலில், அதே மண்ணின் கதையாக அது வருதல் வேண்டும். அப்பாடம் இன்னும் எழுதப்படவில்லையாயின், அதை எழுதும் உரிமையும் பொறுப்பும் இம்மலைகளில் உழைத்தோரின் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிப்போருக்குமே உரியன.